கல்லடிக்கு ஏழு மணி: ஒரு கேம்பர் வான் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

கொழும்பில் வாகனச் சேத மதிப்பீட்டாளராக இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தவன் நான். வீதியோரத்தில் நின்றுபோன வாகனத்தைச் சுற்றி நடந்து பார்த்து, ஓட்டியவரிடம் நடந்ததைக் கேட்டு, அது ஏன் நின்றது என்று இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுப்பது தொழில். ஓட்டியவர்கள் பெரும்பாலும் "திடீரென்று" என்ற சொல்லில்தான் தொடங்குவார்கள். அந்தச் சொல்லை என் அறிக்கைகளில் நான் எழுதியதில்லை. தீபாவளி ஞாயிற்றுக்கிழமையில் வந்த ஆண்டொன்றில், வெள்ளவத்தையிலிருந்து மட்டக்களப்பு கல்லடிக்குக் குடும்பத்தோடு போன கேம்பர் வான் இரண்டு நாளுக்குள் நான்கு தடவை தடைப்பட்டபோது, அக்கா, அத்தான், மருமகன், என் மனைவி என்று அதற்குள் இருந்த ஐந்து பேரில் நானும் ஒருவன். வீடு திரும்பியதும் எல்லோரும் "திடீரென்று" என்றே கதை சொல்லத் தொடங்கியதால், அந்த நாட்களை ஒரு காப்புறுதிக் கோரிக்கைக் கோப்பைப் போல எழுதிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

வாகனமும் வழியும்

வான் அத்தானுடையது. இலங்கையில் எல்லோரும் டொல்பின் என்று அழைக்கும் பழைய டொயோட்டா ஹயேஸ், டீசல், கையால் கியர் மாற்றுவது. எஞ்சின் முன் இருக்கைகளுக்குக் கீழே இருக்கும், இருக்கையைத் தூக்கினால்தான் முகம் காட்டும். ஓய்வு பெற்ற பின்னர் அத்தான் பின் இருக்கைகளில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, மடிக்கக்கூடிய படுக்கைகள், ஒரு சிறு சமையல் மேசை, அறுபது லீற்றர் தண்ணீர்த் தொட்டி, 12 வோல்ற்றில் ஓடும் குளிர்சாதனப் பெட்டி, அதற்கென்று தனியாக 100 அம்பியர்-மணிப் பற்றரி, ஐந்து கிலோ காஸ் சிலிண்டர் என்று ஒவ்வொன்றாகப் பூட்டி ஏழு மாதத்தில் முடித்திருந்தார். சாமான்களில் பாதி பஞ்சிகாவத்தையில் வாங்கியவை. பஞ்சிகாவத்தையில் கிடைக்காத உதிரிப்பாகம் இல்லை என்பது கொழும்பில் வேதவாக்கு; கிடைத்தது எத்தனை நாளைக்கு உழைக்கும் என்பதைப் பற்றி அந்த வாக்கு ஒன்றும் சொல்வதில்லை.

இருக்கைகளை எடுத்துப் படுக்கை போடுவது பதிவுச் சான்றிதழில் உள்ள விபரத்தை மாற்றும் செயல். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அங்கீகாரமும், காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்து மூலமான அறிவித்தலும் வேண்டும். அத்தான் இரண்டுக்கும் படிவம் எடுத்து லாச்சிக்குள் வைத்திருந்தார், நிரப்பவில்லை. இந்த வான் ஒரு கோரிக்கையாக என் மேசைக்கு வந்திருந்தால் முதற்பக்கத்தைத் தாண்டியிருக்காது என்று புறப்படுவதற்கு முதல் நாள் சொன்னேன். "வந்து பாப்பம்" என்றார். மைத்துனன் பேச்சுக்கு அத்தான்மார் கொடுக்கும் மதிப்பு அவ்வளவுதான்.

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் போகிறவர்கள் வழக்கமாக ஹபரணை, பொலன்னறுவை வழியாகப் போவார்கள். தரை சமமானது, தூரமும் குறைவு. அத்தானுக்கோ மலையில் ஓர் இரவு தங்க வேண்டும் என்ற ஆசை. ஆகவே அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகலை, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் என்று நாட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போய் மட்டக்களப்பில் முடியும் ஏ4 வீதியைத் தெரிந்தெடுத்தார். வியாழன் இரவு ஹப்புத்தளை, வெள்ளி மாலை ஏழு மணிக்குக் கல்லடி என்பது திட்டம். ஏழு மணி என்பது சும்மா வைத்த நேரமல்ல. கனடாவிலிருந்து வந்திருந்த எங்கள் தாய்மாமன் வெள்ளி இரவு மட்டும் அம்மாவோடு கல்லடி வீட்டில் இருப்பார், சனி விடியப் புறம் யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டுவிடுவார். அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. தம்பியும் பிள்ளைகளும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். அக்கா ஏழு மணி என்று வாக்குக் கொடுத்திருந்தார். இந்த ஆய்வு முழுவதும் திரும்பத் திரும்ப வரப்போவது அந்த வாக்குத்தான்.

வியாழக்கிழமை

காலை 4.30 மணிக்குப் புறப்பட வேண்டியது. நான்கு மணிக்குத் தேநீர் வைக்க அடுப்பைத் திறந்த என் மனைவி, காஸ் மணக்கிறது என்றார். சவர்க்கார நுரையைக் குழாய் நெடுகத் தடவிப் பார்த்ததில், ரெகுலேற்றரோடு குழாய் சேரும் இடத்தில் நுரை முத்து முத்தாகப் பொங்கியது. கிளிப்பை இறுக்கியும் நிற்கவில்லை; குழாயின் வாய் வெடித்திருந்தது. சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலெழுந்து போகாமல் வானின் தரையோடு தேங்கும். அதனால்தான் இத்தகைய வாகனங்களில் சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடித்தட்டில் வெளியே திறக்கும் துளை இருக்க வேண்டும் என்பார்கள். எங்கள் பெட்டியின் துளை பக்கச் சுவரில், முழங்கால் உயரத்தில், அழகான பித்தளை வலையோடு இருந்தது. ஹாட்வெயார் கடை திறக்கும் வரை காத்திருந்து, புதிய குழாயும் கிளிப்பும் போட்டு, பெட்டியின் அடியில் இரண்டு துளைகள் துளைத்துப் புறப்பட்டபோது மணி 9.40.

இந்தத் தாமதத்தில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. பிழை அதற்கு அடுத்த நிமிடத்தில் நடந்தது. ஐந்து மணித்தியாலத்தைத் தொலைத்த நாங்கள், அன்றைய தூரத்தில் ஒரு கிலோமீற்றரைக்கூடக் குறைக்கவில்லை. இரத்தினபுரியில் தங்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. மலையை விட்டுவிட்டுப் பொலன்னறுவை வழியாகப் போகலாமா என்றும் கேட்கவில்லை. "ஓடிப் பிடிக்கலாம்" என்று அத்தான் சொன்னார், மற்ற நால்வரும் ஏறி உட்கார்ந்தோம்.

வீட்டு வண்டிகளில் பயணம் போவது பெருவழக்கமாக இருக்கும் அமெரிக்காவில், "மூன்று-மூன்று-மூன்று" என்று ஒரு கைக்கணக்கு உண்டு. ஒரு நாளில் முந்நூறு மைலுக்கு மேல் ஓட்டக் கூடாது, பிற்பகல் மூன்று மணிக்குள் தரிப்பிடத்தைச் சேர வேண்டும், ஓரிடத்தில் மூன்று இரவாவது தங்க வேண்டும். அங்கே தரிப்பிடங்களில் 30 அல்லது 50 அம்பியர் மின்னிணைப்பும் தண்ணீரும் கழிவு வாய்க்காலும் கிடைக்கும். நாங்கள் போன வழியில் அப்படி எதுவும் இருக்கவில்லை. முந்நூறு மைல் எங்கள் மலை வீதிகளுக்குப் பொருந்தாத பேச்சு. மூன்று மணியோ எங்களுக்கென்றே எழுதி வைத்ததைப் போன்றது. ஏனென்றால் ஒக்டோபர், நவம்பர் மாதங்கள் இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம், மலைநாட்டில் காலை வெளித்திருந்தாலும் பிற்பகலில் இடிமழை கட்டிக்கொண்டு வரும்.

பெலிஹுல்ஓயாவில் சாப்பிட்டுவிட்டு எழும்பியபோது மூன்றே கால். காலையில் குளிரில் ஏற வேண்டிய ஏற்றத்தை, ஐந்து பேரும் தண்ணீர்த் தொட்டியும் நிறைந்த வான், ஏசியையும் போட்டுக்கொண்டு பிற்பகல் புழுக்கத்தில் ஏறத் தொடங்கியது. ஹல்துமுல்லைக்கு மேலே, ஒரு லொறியின் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, வெப்பமானி ஊசி சிவப்பைத் தொட்டது. ஓட்டிக்கொண்டிருந்த மருமகன் ஏசியை நிறுத்தி, ஹீற்றரை முழு வேகத்தில் போட்டு, வீதி அகலமான இடம் வரும்வரை மெதுவாகக் கொண்டுபோய் நிறுத்தினார். அதுவரை அவர் செய்ததெல்லாம் சரி. எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை வானுக்குள் திருப்பிவிடும் அந்த உபாயத்தால் நாங்கள் வேர்த்து வழிந்தோம், சிலிண்டர் ஹெட் தப்பியது.

பிறகு அவர் ஒரு துவாயைச் சுற்றிக்கொண்டு ரேடியேற்றர் மூடியில் கை வைத்தார். எதிரே தேநீர்க் கடை வைத்திருந்த பெரியவர் வாசலில் நின்றபடியே, "தம்பி, தொறக்காத! தொறக்காத!" என்று கத்தியிராவிட்டால், இது வேறு வகையான அறிக்கையாக இருந்திருக்கும். அழுத்தத்தில் இருக்கும் சுடுநீர் மூடி தளர்ந்த கணத்தில் ஆவியாகிப் பீறிடும். துவாய் அதற்குக் காணாது. முக்கால் மணித்தியாலம் காத்திருந்து, எஞ்சினைக் கையால் தொடலாம் என்றான பின்னர் திறந்தோம். நான்கு லீற்றருக்குக் கிட்டத் தண்ணீர் குடித்தது.

காரணம் எங்கள் கையிலேயே இருந்தது. ரேடியேற்றர் மூடி ஓர் அழுத்த வால்வு. 0.9 என்று அழுத்த அளவு பொறித்த மூடி ஒழுங்காக இருந்தால், ஆயிரம் மீற்றர் உயரத்திலும் உள்ளேயுள்ள தண்ணீர் 115 பாகையைத் தாண்டித்தான் கொதிக்கும். மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் அதே உயரத்தில் 97 பாகைக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடும். ஏற்றத்தில் எஞ்சின் சாதாரணமாக ஓடும் சூடு அதற்குக் கிட்டத்தான் இருக்கும். எங்கள் மூடியின் இறப்பர் வளையம் பழைய முறுக்கைப் போல இறுகி, விளிம்பில் இரண்டு வெடிப்போடு இருந்தது. வெள்ளவத்தையின் சமதரையில் அந்த மூடி இன்னும் ஒரு வருடம் குற்றமில்லாமல் ஓடியிருக்கும். வானுக்கு வெய்யில் மறைக்கும் மடிப்புக் கூரை வாங்கிய அன்று, பஞ்சிகாவத்தையில் அதே வரிசையில் நான்கு கடை தள்ளி மூடி விற்ற கடையை நானும் அத்தானும் கடந்து போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஹப்புத்தளை இரவு

ஹப்புத்தளைக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு ஏழரை, நல்ல மழை. காவலாளியிடம் கேட்டுக்கொண்டு தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் வானை நிறுத்தினோம். காலையில் காஸ் மணத்திருந்ததால் என் மனைவியும் அக்காவும் அடுப்பைத் தொட மறுத்துவிட்டார்கள். புதிய குழாயில் கசிவில்லை என்று நான் நுரை தடவிக் காட்டியும் பயனில்லை. ஆகவே அத்தான் இன்வேட்டரில் 700 வாற்று ரைஸ் குக்கரைப் போட்டார். பற்றரி இறங்கிவிடக் கூடாதே என்று எஞ்சினையும் ஓடவிட்டார். அந்த அரை மணித்தியாலத்தில் அடுத்த நாள் காலையின் தடங்கல் தயாராகிவிட்டது.

இப்படியான வான்களில் இரண்டு பற்றரி இருக்கும்: எஞ்சினைக் கிளப்ப ஒன்று, வீட்டுப் பாவனைக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். எஞ்சின் ஓடும்போது ரிலே இரண்டையும் இணைத்து இரண்டாவது பற்றரிக்கும் சார்ஜ் கொடுக்கும். சாவியை அணைத்ததும் பிரித்துவிடும். இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டி ஓடினாலும் கிளப்பும் பற்றரி தொடப்படாமல் இருப்பது அந்தப் பிரிப்பினால்தான். 700 வாற்றை 12 ஆல் வகுத்தால் 58 அம்பியர், இன்வேட்டரின் சேதாரத்தையும் சேர்த்தால் அறுபத்தைந்து வரை போகும். அதில் பெரும்பங்கு ரிலேயினூடாகப் போனது. ரிலே முன்விளக்குகளுக்குப் போடும் வகையைச் சேர்ந்தது, தாங்குவது 30 அம்பியர். பாதுகாப்புக்கென்று அத்தான் போட்டிருந்த பியூஸோ 100 அம்பியர். பியூஸ் அசையாமல் இருக்க, ரிலேயின் தொடுமுனைகள் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சாவியை அணைத்த பிறகும் இரண்டு பற்றரிகளும் சேர்ந்தே நின்றன; அதன் பிறகு இரண்டு தடவை கேத்திலில் சுடுநீர் வைத்தோம், விடிய விடியக் குளிர்சாதனப் பெட்டி ஓடியது.

வெள்ளி காலை ஆறரைக்குச் சாவியைத் திருப்பியபோது ஸ்ராட்டர் "கட்" என்று ஒரு சத்தத்தோடு நின்றது. மீற்றரில் இரண்டு பற்றரியும் 10.9 வோல்ற். நிறைந்த ஈயப் பற்றரி ஓய்வில் 12.7 காட்டும், பாதி இறங்கினால் 12.2, 10.9 என்பது வெறும் பெட்டி. இரண்டு பற்றரியும் ஒரே இலக்கத்தைக் காட்டியதுதான் எனக்கு ரிலேயைக் காட்டிக் கொடுத்தது.

கொழுந்து லொறி ஒன்று வந்தது. ஓட்டுநருக்கு முப்பது வயது இருக்கும். நாங்கள் கேட்பதற்கு முன்னரே இறங்கி வந்து பார்த்தார். அவருடைய லொறி 24 வோல்ற். அதாவது இரண்டு 12 வோல்ற் பற்றரிகளைத் தொடராக இணைத்தது. அத்தான் ஜம்பர் வயரை எடுத்துக்கொண்டு ஓடியபோது அவர் கையை நீட்டித் தடுத்தார். "ஐயா, ரெண்டுலயும் சேத்து எடுத்தீங்கன்னா ஒங்க வண்டி பொகைஞ்சிரும். ஒத்த பேட்டரியில இருந்துதான் எடுக்கணும்." எந்த முனையிலிருந்து எந்த முனைக்கு என்று விரலால் தொட்டுக் காட்டி, கடைசிக் கறுப்பு வயரைப் பற்றரியில் மாட்டாமல் எஞ்சினின் வெறும் இரும்பில் மாட்டினார். இறங்கிய பற்றரியிலிருந்து வெளிவரும் ஐதரசனுக்குப் பக்கத்தில் தீப்பொறி விழாமலிருக்க அதுதான் முறை. எஞ்சின் பிடித்தது. பணம் நீட்டியபோது வாங்க மறுத்து, மழைக்கு முன்னர் கீழே இறங்கிவிடச் சொன்னார். நான் ரிலேயின் வயரைக் கழற்றி நாடா சுற்றினேன். புறப்பட்டபோது 8.50.

பெரகலைச் சந்தி

திட்டப்படி பெரகலையில் ஏ4 வீதியைப் பிடித்து, கொஸ்லந்தை வழியாக வெல்லவாய்க்கு இறங்க வேண்டும். சந்தியிலேயே பொலிஸார் வாகனங்களைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். கொஸ்லந்தைப் பக்கத்தில் மண்ணும் கல்லும் வீதியில் விழுந்திருந்தன. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டத்தின் தொழிலாளர் லயன் வீடுகளை மண் மூடியதும் அதே மலைப்பக்கத்தில்தான். அந்த வீதியில் மண் விழுந்தது என்றால் யாரும் வாதாடுவதில்லை. எப்போது திறக்கும் என்று மருமகன் சிங்களத்தில் கேட்டார். பொலிஸ் உத்தியோகத்தர் விரலால் வானத்தைக் காட்டினார்.

மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிறத்தில் வெளியிடுகிறது: மஞ்சள், அம்பர், சிவப்பு. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்திலும் விசாரிக்கலாம். முதல் நாள் இரவு மழையில் படுத்திருந்த ஐந்து பேரிடமும் கைத்தொலைபேசி இருந்தது, ஒருவரும் பார்க்கவில்லை. காலையில் பற்றரியோடு போராடிக்கொண்டிருந்ததால் அப்போதும் பார்க்கவில்லை. ஒரு தடங்கல் நடந்துகொண்டிருக்கும்போது மனம் முழுவதும் அதிலேயே போய்விடும், அடுத்ததைத் தேட ஆளிருக்காது. விபத்துக் கோப்புகளில் இதைப் பல தடவை கண்டிருக்கிறேன், அன்று என்னிடமே கண்டேன்.

திரும்பி ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல வழியாக வெல்லவாய்க்கு இறங்குவதென்று முடிவானது. மாற்று வழி என்ற அளவில் அது நியாயமான தெரிவு. ஆனால் வானுக்குள் நடந்த பேச்சு வீதியைப் பற்றியதாக இருக்கவில்லை. எல்லவில் எத்தனை மணி, வெல்லவாயில் எத்தனை மணி, பொத்துவிலில் எத்தனை மணி என்று அத்தான் கூட்டிக்கொண்டு வந்தார். கணக்கு எப்படிப் போட்டாலும் ஏழரையில் முடிந்தது. "அரை மணித்தியாலத்தை இறக்கத்தில எடுக்கலாம்" என்று சொன்னது யார் என்பதில் இப்போது கருத்து வேறுபாடு உண்டு. அது நானாகவும் இருக்கலாம்.

இராவணன் நீர்வீழ்ச்சிக்குக் கீழே

எல்ல ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இருபத்தேழு கிலோமீற்றர் அளவில் வெல்லவாய்க்குப் போவதற்குள் வீதி எண்ணூறு மீற்றர் அளவுக்கு இறங்கிவிடும். கொழும்புக்குத் திரும்பிய பின்னர் லொறிகளை நிறுக்கும் தராசில் அதே சுமையோடும் அதே ஐந்து பேரோடும் வானை ஏற்றிப் பார்த்தோம்: ஏறத்தாழ 2,800 கிலோ. அந்தப் பாரம் எண்ணூறு மீற்றர் இறங்கும்போது வெளிவரும் சக்தி, குழாய்த் தண்ணீர் எழுபது லீற்றரைக் கொதிக்க வைக்கப் போதும். அந்தச் சூடு எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். கீழ்க் கியரில் இறங்கினால் பெரும்பங்கை எஞ்சின் வாங்கி ரேடியேற்றரால் வெளியே விடும். மேல் கியரில் இறங்கினால் நான்கு சக்கரங்களின் பிரேக்கே முழுவதையும் வாங்க வேண்டும்.

மருமகன் நான்காம் கியரில் இறங்கினார். நல்ல ஓட்டுநர்தான், கொழும்பில் பிறந்து கொழும்பில் ஓட்டப் பழகியவர், காலி வீதியில் பிரேக்கை மிதிப்பதே ஓட்டுவது. இறக்கத்தில் பிரேக்கில் கால் வைத்தபடியே வந்தார். பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தது. மழை. அத்தான் இரண்டு தடவை நேரம் சொன்னார். நீர்வீழ்ச்சியைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும் கிளச் எரிவதைப் போன்ற நெடி வந்தது. மூன்றாவது வளைவில் மருமகன், "மாமா, பெடல் கீழ போகுது" என்றார். குரல் உயரவில்லை. அதை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

பெடலை விடாமல் குத்திக் குத்தி மிதித்து, மூன்றாம் கியருக்கும் பிறகு இரண்டுக்கும் இறக்கி, கைப் பிரேக்கைப் படிப்படியாக இழுத்து, மலைப்பக்கத்து ஓரத்தில் வாய்க்காலுக்குக் கிட்ட நிறுத்தினார். நான் குதித்து இறங்கிச் சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். முன் சக்கரங்களிலிருந்து புகை எழும்பியது. தண்ணீர் ஊற்றப் போன அத்தானைத் தடுத்தோம். அந்தச் சூட்டில் தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணிவிடும் அல்லது வெடிக்கும்.

இறக்கத்தில் பிரேக் போவது இரண்டு விதம். பட்டைகள் சூடேறி வழுக்கினால் பெடல் கல்லைப் போல இருக்கும், வாகனம் நிற்காது. பிரேக் ஒயில் கொதித்தால் பெடல் பஞ்சைப் போலத் தரை வரை போகும். திரவத்தைப் போல ஆவியால் அழுத்தத்தைக் கடத்த முடியாது. எங்களுடையது இரண்டாவது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. புதிய டொட் 3 வகை 205 பாகை வரை கொதிக்காமல் இருக்க வேண்டும். ஈரம் ஏறியதற்கு நியமம் கேட்பது 140 மட்டுமே. டொட் 4 என்றால் 230, 155. கடைசியாக எப்போது மாற்றியது என்று கேட்டேன். குறையும்போது ஊற்றி நிரப்பியதாக அத்தான் சொன்னார். ஏழு மாதமாக ஒவ்வோர் ஆணியையும் தன் கையால் பூட்டிய மனிதர் அவர்.

இந்தத் தடங்கலின் மிக ஆபத்தான பகுதி வான் நின்ற பிறகுதான் வந்தது. நாற்பது நிமிடத்தில் சக்கரங்கள் ஆறின. ஆவி மீண்டும் திரவமாகியது. பெடல் பழையபடி மேலே, உறுதியாக நின்றது. அத்தான் ஏறி மிதித்துப் பார்த்துவிட்டு, "சரி வந்திட்டுது, மெல்லமாப் போவம்" என்றார். மருமகனும் தலையாட்டினார். நான் ஒயில் கொதித்ததைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். விளக்கம் நீண்டுகொண்டே போனது, யாரும் கேட்கவில்லை.

அக்கா வானைவிட்டு இறங்கி, குடையைப் பிடித்துக்கொண்டு அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார். "அம்மா, நாங்கள் இண்டைக்கு வரமாட்டம். நாளைக்கும் எத்தின மணி எண்டு என்னைக் கேக்காதேங்கோ." அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வந்தது என்று கேட்கவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு அக்கா எங்களைப் பார்த்து, இரவைக்கு எங்கே படுக்கிறது என்று கேட்டார். அதற்குப் பிறகு பெடலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. என் அரை மணித்தியால விளக்கம் செய்யாததை அந்த ஒரு நிமிட அழைப்புச் செய்தது.

சற்றுத் தள்ளியிருந்த பெட்டிக்கடைக்காரரின் முற்றத்தில் அன்றிரவு படுத்தோம். சனி காலை வெல்லவாயிலிருந்து வாகனம் திருத்தும் பாஸ் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, நான்கு சக்கரத்திலும் பழைய ஒயிலை வெளியேற்றிப் புதியதை விட்டார். போத்தலுக்குள் வடிந்தது பிளேன்டீ நிறத்தில் இருந்தது. புதியது வெளிறிய தேன் நிறம். மிச்ச இறக்கத்தை இரண்டாம் கியரில், இரண்டு இடத்தில் நிறுத்தி, பின்னால் வந்த பஸ்களுக்கெல்லாம் வழி விட்டு இறங்கினோம். கல்லடி வீட்டு வாசலில் வானை நிறுத்தியபோது சனி மாலை ஆறே கால். மாமா காலையிலேயே யாழ்ப்பாணத்துக்குப் போயிருந்தார். அடுத்த வாரம் அங்கிருந்தே கொழும்பு வந்து விமானம் ஏறிவிட்டார். அம்மா கேட்ட பந்தி நடக்கவில்லை.

கோப்பு

தெமட்டகொடையில் உள்ள கராஜில் வானைத் தூக்கிப் பார்த்தபோது, வெடித்த குழாய், இறுகிய மூடி, ஒட்டிய ரிலே, கிழட்டு ஒயில் என்று நான்கு சாமான்களை மேசையில் வரிசையாக வைக்க முடிந்தது. நான்குக்கும் சேர்த்துச் செலவு, அத்தான் வாங்கிய மடிப்புக் கூரையின் விலையில் நாலில் ஒரு பங்கும் இல்லை. ஒரு மதிப்பீட்டாளன் இந்த இடத்தில் "பராமரிப்புக் குறைபாடு" என்று எழுதிக் கையொப்பம் வைக்கலாம். அது பொய்யாகாது. ஆனால் நான்கு குறைபாடும் சேர்ந்து ஒரே பயணத்தில் தலைகாட்டியது ஏன் என்பதற்கு அதில் பதில் இல்லை.

நேரப்படி எழுதிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. காஸ் குழாயால் ஐந்து மணித்தியாலம் போனது. அதை ஈடுகட்டவே பிற்பகல் புழுக்கத்தில் மலையேறினோம். அதனால்தான் மூடி தோற்றது. மூடியால் இரவாகியது, இரவில், மழையில், காஸ் பயத்தோடு, அவசரமாகச் சமைத்தோம், அதனால்தான் ரிலே ஒட்டியது. ரிலேயால் காலை போனது. அந்தக் காலையில் வீதியைப் பற்றி விசாரிக்கவில்லை. இவ்வளவும் சேர்ந்த கடனை இறக்கத்தில் அடைக்கப் பார்த்தபோது ஒயில் கொதித்தது. ஒவ்வொரு கண்ணியிலும் ஏழு மணி இருக்கிறது. மண்சரிவு ஒன்றுதான் எங்கள் கணக்கில் சேராதது. அதுவும்கூட, வீதியை முதலில் விசாரித்திருந்தால் பொழுதோடு, மழைக்கு முன்னர், எல்ல இறக்கத்தைக் கடந்திருப்போம்.

இதை அத்தானிடம் வாசித்துக் காட்டியபோது, அப்படியானால் குற்றம் அம்மாவுடையதா என்று கேட்டார். அம்மா கேட்டது ஒரு நாளைத்தான். மணியைச் சொன்னவர்கள் நாங்கள்.

வானில் இப்போது சில மாற்றங்கள் உண்டு. ரிலே 140 அம்பியர், பியூஸ் 80. ரைஸ் குக்கரும் கேத்திலும் வீட்டிலேயே. ரேடியேற்றர் மூடி இரண்டு, ஒன்று பூட்டியது, மற்றது கையுறைப் பெட்டியில். பிரேக் ஒயில் டொட் 4, மாற்றிய திகதி மூடியின் மேல் வெள்ளைப் பேனாவால். தண்ணீர்த் தொட்டி மலையேறும்வரை காலியாகவே போகும். ஹப்புத்தளையில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஓட்டுநருக்கு முன்னால் ஒட்டியிருந்த கடிகாரத்தை அக்கா கழற்றிவிட்டார். இது பொறியியலில் சேருமா என்று எனக்குத் தெரியாது. லாச்சிக்குள் இருந்த இரண்டு படிவங்களையும் நானே நிரப்பி, அத்தானைக் கையொப்பம் வைக்கச் செய்து, கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தைப்பொங்கலுக்கும் வானில்தான் வருவோம் என்று அத்தான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். எத்தனை மணிக்கு என்று அம்மா கேட்டார். பொங்கலுக்கு முதல் நாள் என்பதற்கு மேல் அத்தான் வாய் திறக்கவில்லை.